வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தை

விழுப்புரம் மாவட்டத்தில் ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் செஞ்சிக் கோட்டைக்கு வருவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அங்கிருந்து தெற்கே பனமலைக்கும் போவார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில் அங்கே சின்னக் குன்றின்மேல் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். செஞ்சியில் வெள்ளிதோறும் கூடுகிற வாரச்சந்தைக்குள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். இன்றைக்கு உங்களை அங்கே அழைத்துப்போகிறேன்.

சந்தைக்கு உள்ளூர் ஆள் ஒருவர் கூட வந்தால்தான் அதன் நெளிவுசுளிவு புரியும். எனக்குப் பனமலைப்பேட்டையில் ஒரு நண்பர் உண்டு. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டு நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை), வீட்டுக் கொல்லையில் சில ஆடுகள் என்று வாழ்கிறவர். "வெடிஞ்சப்புறம் போனா வெறும் புழுக்கதாண்ணா கெடக்கும், ஆடு இருக்காது" என்று சொல்லி, இருட்டிலேயே என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டார். சித்திரை மாதம். பனமலை ஏரிக்கரையில் மட்டும் காற்று குளிர்ச்சியாக இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் நந்தன் கால்வாய் கடைசியாக வந்து சேருகிற ஏரி அது. கால்வாயில் தண்ணீர் வந்த வருஷம் எது, வராத வருஷம் எது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அனந்தபுரம் தாண்டி செஞ்சிக்குள் நுழைந்தபோது மலைக்கோட்டை இன்னும் கருநிழலாகத்தான் தெரிந்தது. சந்தையிலோ வியாபாரம் சூடுபிடித்திருந்தது.

முதலில் ஆட்டுச் சந்தை. சரக்கு வேனிலும் மொபெட்டிலும் ஆடுகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளாடு ஒரு பக்கம், செம்மறி ஒரு பக்கம். ரம்ஜான், பக்ரீத், தீபாவளிக்கு முந்தின வெள்ளிகளில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. விலை பேசுமுன் என்ன செய்கிறார்கள் என்று நண்பர் என்னைப் பார்க்கச் சொன்னார். வாங்க வந்தவர் கிடாயின் கீழுதட்டை விரலால் விலக்கினார். பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஆட்டுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது என்று கணக்கு. நாலு பல் என்றால் இரண்டு வயதை நெருங்குகிறது. பிறகு இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டை இரண்டு பக்கமும் விரல்களால் அழுத்திப் பார்த்தார். கடைசியாக ஆட்டை லேசாகத் தூக்கி இறக்கினார். தராசு எதுவும் இல்லை. "கறி பன்னெண்டு கிலோ தேறும்" என்றார். விற்கிறவர் "பதினாலு" என்றார். நடுவில் தரகர் புகுந்தார். படிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்குக் குறைந்ததல்ல அந்தக் கைகளில் இருக்கிற அறிவு.

வெளிச்சம் வந்ததும் காய்கறி, தானியம், கருவாடு என்று சந்தை விரிகிறது. மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் கருவாடு இங்கே மலையடிவாரத்தில் சாக்கு விரித்துக் கூறு கட்டியிருக்கிறது. நெத்திலி, வாளை, மணல்போலக் குவிந்த சென்னாக்குன்னி. பக்கத்திலேயே வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய், முருங்கைக்கீரைக் கட்டு. கடலோரமும் மேட்டுக்காடும் ஒரே சாக்குக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த மண்ணில் பயணமும் சாப்பாடும் சேர்ந்தே பாடப்பட்டிருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்லூர் நத்தத்தனார் பாணனுக்கு வழி சொல்லும்போது ஊரை மட்டும் சொல்லவில்லை. கடற்கரையில் எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும் கிடைக்கும் என்று சாப்பாட்டையும் சேர்த்தே சொல்கிறார். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு யார் வழி சொன்னாலும் என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் முடிக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆகவே சாப்பாட்டுக்கு வருவோம். சந்தை ஓரத்தில் ஓர் ஆயா கூழ் விற்றுக்கொண்டிருந்தார். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் கிண்டி, மறுநாள் காலையில் உருண்டையாக எடுத்து மோர் விட்டுக் கரைப்பது. அவர் கரண்டியைத் தொடவேயில்லை. உருண்டையைக் கையாலேயே பிசைந்து, கட்டி உடைந்ததா என்று விரல் இடுக்கில் பார்த்து, அப்புறம்தான் மோரை ஊற்றினார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், உரித்த சின்ன வெங்காயம், வறுத்த நெத்திலி. "வெயில்ல அலையற புள்ள, இன்னும் ஒரு சொம்பு குடி கண்ணு" என்று கேட்காமலே ஊற்றினார். ஆடு விற்றவரும் வாங்கியவரும் தரகரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அதே கூழைக் குடித்தார்கள். பகல்வரை பசி என்ற பேச்சே எனக்கு எழவில்லை.

அடுத்தது அவித்த மல்லாட்டை. இறவையில் போட்ட பயிர் சித்திரையில் பறிப்புக்கு வந்துவிடும். பறித்த பச்சைக் காயை மண் போகக் கழுவி, உப்புப் போட்டு அவித்து, தவலையில் ஆவி பறக்கக் கொண்டுவருகிறார்கள். நம் நாட்டு மல்லாட்டை வரலாற்றில் திண்டிவனத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்குத்தான் டி.எம்.வி. என்று பெயர். திண்டிவனத்தின் சுருக்கம் அது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்றால் இங்கே வயதான விவசாயிகள் முகம் மலரும். விற்கிற அக்கா படியைத் தலைதட்டி அளந்து பையில் கொட்டினார். பிறகு ஒரு கை அள்ளிக் கொசுறு போட்டார். அந்த ஒரு கைக்காகவே அடுத்த வாரமும் அவரிடம்தான் போவேன் என்றார் நண்பர்.

கொசுறு என்றதும் தென் கொரியா நினைவுக்கு வருகிறது. அங்கேயும் சந்தைக்காரர்கள் அளந்ததற்கு மேல் ஒரு பிடி போடுகிற வழக்கம் உண்டு. நமக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை சந்தை, அவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை. மலைநாட்டு ஊரான ஜொங்சொனில் 2, 7 என்று முடிகிற தேதிகளில் கூடும். சியோலை அடுத்த மோரான் சந்தை 4, 9 என்று முடிகிற தேதிகளில். சியோல் நகருக்குள்ளேயே 1905இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தை இருக்கிறது. அங்கே பாசிப்பயற்றை ஊறவைத்து, அரைத்து, கல்லில் எண்ணெய் விட்டு அடை சுடுகிறார்கள். பிந்தெத்தொக் என்று பெயர். அதைத் தின்பதற்கென்றே வெளிநாட்டார் தேடிவந்து, சுடுகிற அம்மாக்களின் எதிரே பெஞ்சில் நெருக்கி உட்காருகிறார்கள். செஞ்சியில் கோட்டைக்கு வழிகாட்டும் பலகை உண்டு. சந்தை வெள்ளிக்கிழமை என்று சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நம் ஆயாவின் கூழுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

திரும்புகிற வழியில் பதநீர். விக்கிரவாண்டி வட்டாரத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் இன்னும் பனையேறிகள் மரம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். சாலையோரத்தில் குருத்தோலையைப் பட்டையாக மடித்து, அதில் பதநீரை ஊற்றி, இரண்டு நுங்கைத் தோண்டிப் போட்டுக் கொடுத்தார் ஒரு பெரியவர். கண்ணாடித் தம்ளரில் கேட்காதீர்கள். ஓலை வாசம் சேர்ந்தால்தான் அதற்கு முழு ருசி. மகன் ஏறுகிறானா என்று கேட்டேன். "அவன் சென்னையில கம்பெனில இருக்கான்" என்றார். பதநீரை நாம் தேடிப்போய்க் குடிக்காவிட்டால், ஏற ஆள் எங்கிருந்து வருவார்கள்?

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பனமலைக் கோயிலுக்கு ஏறலாம். பக்கச் சிற்றாலயம் ஒன்றில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றி, சிவன் ஆடுவதைப் பார்த்து நிற்கிறாள் உமை. சுண்ணாம்பு உதிர்ந்தும் அந்த முகத்தின் சாய்வு மங்கவில்லை. தொடாமல், ஃபிளாஷ் போடாமல் பாருங்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் செஞ்சிக்குப் பேருந்து நிறைய உண்டு. ஆட்டுச் சந்தை பார்க்க வேண்டுமானால் வியாழன் இரவே செஞ்சியில் தங்கிவிடுங்கள். சில்லறையும் துணிப்பையும் கையில் இருக்கட்டும். நுங்கும் பதநீரும் கோடையில்தான். தை மாதம் போனால் பனங்கிழங்கு கிடைக்கும். கூழ்க்கார ஆயாவிடம் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், பானை காலியாகிவிடும்.