மார்மன்கள் கிறிஸ்தவர்களா?



சென்ற கூட்டம் முடிந்து நாம் வெளியே வரும்போது தோழர் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் மார்மன்கள் என்று ஒரு கூட்டத்தார் இருக்கிறார்களாமே! அவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். மற்றக் கிறிஸ்தவர்களோ அவர்களைக் கிறிஸ்தவர்களே அல்ல என்கிறார்கள். இதில் எது வாஸ்தவம்?" என்பதே அக்கேள்வி. தெருவில் நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய சங்கதி அல்லவாதலால், இன்று அதையே பேச எடுத்துக்கொண்டோம்.

"எவன் கிறிஸ்தவனாக இருந்தால் நமக்கென்ன? இல்லாவிட்டால் நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் எந்த மதத்துக்கும் வக்கீலாக இங்கு வரவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பார்த்து, "நீ எங்களைச் சேர்ந்தவன் அல்ல" என்று சொல்லும்போது, அது வெறும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுவதில்லை. அந்த வார்த்தையின் பின்னால் வீடு எரிந்திருக்கிறது, குடும்பம் ஊரைவிட்டு ஓடியிருக்கிறது, உயிர் போயிருக்கிறது. ஆகையால்தான் இதை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த மார்மன்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்று ஒருவர் 1805ல் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். தமக்குப் பதினான்கு வயதாயிருந்த 1820ம் வருஷத்தில் பிதாவும் குமாரனும் இரண்டு ஆட்களாகத் தம் முன் தோன்றி, "இருக்கிற சபைகள் எல்லாம் தவறானவை, ஒன்றிலும் சேராதே" என்று சொன்னதாக அவர் பின்னால் எழுதினார். பிறகு ஒரு தேவதூதன் வந்து, மலைச்சரிவில் புதைந்து கிடந்த தங்கத் தகடுகளைக் காட்டியதாகவும், அவற்றில் பொறித்திருந்ததைத் தெய்வ சக்தியால் மொழிபெயர்த்ததாகவும் சொன்னார். அந்தப் புத்தகம் 1830ல் அச்சாயிற்று. அதுதான் மார்மன் புத்தகம். அதே வருஷம் ஏப்ரல் 6ந் தேதி நியூயார்க் மாகாணத்தில் அவருடைய சபையும் ஏற்பட்டது. இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற பெயரோடு, 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்களிடம் இருப்பதாக அது கணக்குச் சொல்லுகிறது.

அந்தத் தகடுகள் எங்கே என்று கேட்டால், தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பது பதில். பார்த்ததாகப் பதினொரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போய்ப் பெரிய ஜாதிகளாகப் பெருகிற்று என்றும், உயிர்த்தெழுந்த இயேசு அவர்களிடமும் போய்ப் பிரசங்கித்தார் என்றும் அந்தப் புத்தகம் சொல்லுகிறது. அமெரிக்க மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்களுக்கு இதற்கு ஒரு அத்தாட்சியும் கிடைக்கவில்லை. அந்நாட்டுப் பூர்வ குடிகளின் முன்னோர் ஆசியாவின் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் என்பதே இன்றைய ஆராய்ச்சி. ஆகவே மார்மன்கள் சொல்லுவதை நாம் நம்புகிறோமா என்பது கேள்வியல்ல. அவர்கள் கிறிஸ்தவர்களா என்பதுதான் கேள்வி.

மார்மன்கள் சொல்லும் நியாயம் இதுதான்: "இயேசு கடவுளின் குமாரன் என்று நம்புகிறோம். அவர் ஜனங்களின் பாவத்துக்காகச் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று நம்புகிறோம். பைபிளைப் படிக்கிறோம். அவர் பேரில் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். எங்கள் சபையின் பேரிலேயே அவர் பேர் இருக்கிறது. இதற்கு மேல் கிறிஸ்தவனாவதற்கு என்ன வேண்டும்?" என்கிறார்கள். 1982ல் தங்கள் புத்தகத்தின் அட்டையிலேயே, அது இயேசு கிறிஸ்துவைப் பற்றிய இன்னொரு சாட்சி என்று பொருள்படும்படி அச்சடித்தார்கள். 2018ல் அவர்களுடைய தலைவர், மார்மன் என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப் பேரையே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மற்றச் சபையார் சொல்லும் நியாயமோ வேறு. "நீங்கள் சொல்லும் பேர் ஒன்று; அந்தப் பேருக்குள் வைத்திருக்கும் சரக்கு வேறு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒரே கடவுள் என்பது எங்கள் திரித்துவம். நீங்களோ மூன்றும் தனித்தனி ஆட்கள், பிதாவுக்கு எலும்பும் சதையும் உண்டு, மனிதனும் கடவுளைப் போலாகலாம் என்கிறீர்கள். பைபிளோடு வேறு வேதங்களையும் சேர்த்துக்கொண்டீர்கள். ஆகையால் நீங்கள் வெளியே" என்கிறார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் சபை 2000ம் வருஷத்தில், மார்மனாக இருந்து தங்களிடம் வருகிறவன் புதிதாக ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று தீர்மானித்தது. 2001ல் ரோமாபுரியிலுள்ள கத்தோலிக்க அதிகார பீடமும் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிவிட்டது. கத்தோலிக்கச் சட்டப்படி, அவசர சமயத்தில் ஞானஸ்நானம் பெறாத ஒருவன்கூட, சரியான எண்ணத்தோடு செய்தால், ஞானஸ்நானம் கொடுக்கலாம். மார்மன் குரு கொடுத்தால் செல்லாது! சொல்லும் வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அர்த்தம் வேறாம்.

சரி, இந்தத் திரித்துவ அளவுகோல் எப்போது, எப்படி வந்தது என்று பார்ப்போம். இயேசு செத்து சுமார் 300 வருஷத்துக்குப் பிறகு, 325ல், நிசேயா என்ற ஊரில் பிஷப்புகள் கூடினார்கள். கூட்டியவர் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி. குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, அல்லது பிதாவால் உண்டாக்கப்பட்டவரா என்பது அங்கு தகராறு. உண்டாக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியஸ் என்ற குரு நாடுகடத்தப்பட்டார். இதிலே வேடிக்கை என்னவென்றால், யார் சரியான கிறிஸ்தவன் என்று தீர்மானிக்கச் சபை கூட்டிய சக்கரவர்த்தி அன்றைக்கு ஞானஸ்நானமே பெற்றிருக்கவில்லை. 337ல் சாகும் தறுவாயில்தான் பெற்றுக்கொண்டார். திரித்துவம் என்ற வார்த்தையோ பைபிளில் எங்கும் கிடையாது. அப்படியானால் நிசேயாவுக்கு முன் வாழ்ந்து செத்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த அளவுகோல் மார்மன்களை மட்டும் அளக்கவில்லை. திரித்துவத்தை மறுத்துப் புத்தகம் எழுதின செர்வீட்டஸ் என்ற வைத்தியரை 1553ல் ஜெனிவாவில் உயிரோடு எரித்தார்கள். எரித்தவர்கள் யார்? போப்பை எதிர்த்து வெளியே வந்த புரோட்டஸ்டண்டுகள். போப்பினாலே மதத்துரோகிகள் என்று பெயர் வாங்கியவர்களே, தங்கள் கைக்கு அதிகாரம் வந்தவுடன் இன்னொருவனை மதத்துரோகி என்று விறகடுக்கினார்கள்.

மார்மன்கள் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அவர்கள் கூட்டங்கூட்டமாக மிசௌரி மாகாணத்தில் குடியேறி, நிலம் வாங்கி, ஒரே கட்டாக ஓட்டுப் போட்டார்கள். அங்கிருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல் உண்டானது உண்மையில் நிலத்துக்காகவும் ஓட்டுக்காகவும்தான். ஆனால் "இவர்கள் நம்மவர் அல்ல, கள்ளத் தீர்க்கதரிசியின் ஆட்கள்" என்ற பேச்சு அந்த எரிச்சலுக்கு நெய் வார்த்தது. இரு பக்கத்திலும் அடிதடி நடந்தது. 1838 அக்டோபர் 27ந் தேதி அந்த மாகாணக் கவர்னர் பாக்ஸ் என்பவர், மார்மன்களை விரோதிகளாகவே பாவித்து, ஒன்று ஒழிக்கவேண்டும் அல்லது மாகாணத்தைவிட்டுத் துரத்தவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதே மாதம் 30ந் தேதி ஹான் என்பவருடைய ஆலையிருந்த குடியேற்றத்தில் ஒரு கும்பல் புகுந்து 17 பேரைக் கொன்றது. கொல்லன் பட்டறையில் துருத்திக்குக் கீழே ஒளிந்திருந்த 10 வயதுப் பையனையும் விடவில்லை. கொன்றவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1844ல் ஜோசப் ஸ்மித்தும் அவர் தமையனாரும் இல்லினாய் மாகாணத்துக் கார்த்தேஜ் ஜெயிலில் விசாரணைக் கைதிகளாயிருக்கும்போதே ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கவர்னரின் அந்த உத்தரவு எப்போது ரத்தாயிற்று என்று நினைக்கிறீர்கள்? 1976ல்! 138 வருஷம் அது காகிதத்தில் இருந்தது.

தோழர்களே! அந்தப் பையனைச் சுட்டவர்கள் கிறிஸ்தவர்களா அல்லவா என்று எந்தச் சபையாவது கூடி விசாரித்ததா? அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று எந்தப் பீடமாவது தீர்ப்புச் சொல்லிற்றா? இல்லை. கடவுள் மூன்றா ஒன்றா என்ற கணக்கில் அவர்கள் தேறியவர்கள். அது போதுமாயிருந்தது.

இதைக் கேட்டு மார்மன்கள் பரம சாதுக்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1847ல் அவர்கள் பிரிகாம் யங் என்பவர் தலைமையில் மேற்கே போய் உப்பேரிக்கரையில் ஊர் அமைத்துக்கொண்டார்கள். பத்து வருஷங் கழித்து, 1857 செப்டம்பரில், அவ்வழியாக வண்டிகட்டிக் குடிபெயர்ந்து போன சுமார் 120 பேரை மார்மன் படையாட்கள், சில பூர்வ குடிகளையும் சேர்த்துக்கொண்டு, கொன்று போட்டார்கள். வெள்ளைக்கொடி காட்டி, காப்பாற்றுகிறோம் என்று நம்பவைத்துக் கொன்றார்கள். சின்னக் குழந்தைகள் மட்டும் தப்பினார்கள். இருபது வருஷங் கழித்து அதற்காக ஒரே ஒருவர் தூக்குமேடைக்குப் பதிலாகத் துப்பாக்கிக்குப் பலியானார். மேலும், 1852 முதல் கறுப்பர்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்று விதி வைத்தார்கள். அந்த விதி 1978 ஜூனில், கடவுள் வெளிப்படுத்தியதாகச் சொல்லி, எடுக்கப்பட்டது. 126 வருஷமாக அந்தக் கடவுளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்கக் கூடாதா? 2013ல்தான், கறுப்புத்தோல் சாபத்தின் அடையாளம் என்பது போன்ற பழைய வியாக்கியானங்களைத் தங்கள் சபை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுத்தில் சொன்னார்கள்.

மற்றவர்கள் மட்டும் இதில் சுத்தமா? அடிமை வைத்திருக்கும் உரிமைக்காகவே 1845ல் தென்னாட்டு பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். 1995ல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். மனிதனை ஏலம் போட்டு விற்றவன் கிறிஸ்தவன். கடவுளுக்கு உடம்பு உண்டு என்றவன் கிறிஸ்தவன் அல்ல! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வேறென்ன?

மார்மன்களாவது இந்த வாசற்காப்பு வேலையை விட்டார்களா? அதுவும் இல்லை. கத்தோலிக்கனோ புரோட்டஸ்டண்டோ அவர்களிடம் சேரப்போனால், அவன் முன்பு பெற்ற ஞானஸ்நானத்தை அவர்களும் ஏற்பதில்லை, மறுபடியும் முழுக்காட்டுகிறார்கள். பல மனைவிகளை மணப்பதைச் சபை 1890ல் கைவிட்டது. விடமாட்டோம் என்ற சிலர் தனியே பிரிந்து, தாங்களே அசல் மார்மன்கள் என்கிறார்கள். 1998ல் சபைத் தலைவர் ஹிங்க்லி, அப்படிப்பட்டவர்கள் மார்மன்களே அல்ல என்றார். தனக்கு எந்தக் கதவு அடைக்கப்பட்டதென்று அழுதார்களோ, அதே கதவைத் தாங்கள் இன்னொருவனுக்கு அடைத்தார்கள்.

இன்னொரு சங்கதியையும் கேளுங்கள். 2012ல் மிட் ராம்னி என்ற மார்மன் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குக் குடியரசுக் கட்சி அபேட்சகராக நின்றார். அதற்கு முந்தின வருஷம், வேறொரு அபேட்சகரை ஆதரித்த டல்லாஸ் நகரத்துப் பெரிய பாதிரியார் ஒருவர், மார்மன் மதம் கிறிஸ்தவமே அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னார். அவருடைய ஆள் தோற்று ராம்னி நிற்பதென்று ஆனவுடன், அதே பாதிரியார் ராம்னிக்கே தம் ஓட்டு என்றார். பேர்போன பிரசங்கியார் பில்லி கிரகாமின் ஸ்தாபனம் கள்ள மதங்களென்று குறித்திருந்த வரிசையில் மார்மனும் இருந்தது. 2012 அக்டோபரில் ராம்னி அவரை வந்து பார்த்துப் போன பிறகு அது எடுபட்டுவிட்டது. திரித்துவம் மாறிற்றா? இல்லை. மார்மன் புத்தகம் மாறிற்றா? இல்லை. தேர்தல் வந்தது, அவ்வளவுதான். ஒரு தேர்தலுக்கு வளைந்து கொடுக்கிற கதவுக்காகவா ஒரு காலத்தில் பத்து வயதுப் பையனைச் சுட்டது?

ஆகவே கேள்வி கேட்ட தோழருக்கு நமது பதில் இதுதான். கிறிஸ்து பேரில் நம்பிக்கை வைத்து, தன்னைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளுகிறவன் கிறிஸ்தவன் என்றால், மார்மன் கிறிஸ்தவனே. நிசேயாப் பிரமாணத்தை ஒப்புகிறவன்தான் கிறிஸ்தவன் என்றால், மார்மன் அல்ல. சரித்திரப்படி பார்த்தால், கிறிஸ்தவ மரத்திலேயே கிளைத்து, தனி வேதமும் தனிக் கடவுட்கொள்கையும் வைத்துக்கொண்ட ஒரு பெருங்கிளை. ஒரு சபை தன் அங்கத்தினன் யார் என்று தன் வீட்டுக்குள் தீர்மானித்துக்கொள்ளட்டும். அது அதன் சுதந்திரம். ஆனால் அந்தத் தீர்ப்பு வாசற்படி தாண்டித் தெருவுக்கும், ஓட்டுச் சாவடிக்கும், சர்க்கார் காரியத்துக்கும் வரக் கூடாது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6வது பிரிவே, எந்த உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை வைக்கக் கூடாது என்கிறது. சட்டம் அறிந்ததை ஜனங்கள் அறியவில்லை.

யாராவது உங்களிடம் வந்து, "இவன் உண்மையான இன்னவன் அல்ல" என்று சொன்னால், அவன் வேதத்தைப் புரட்டாதீர்கள். அப்படிச் சொல்லுவதால் யாருடைய நிலம் யார் கைக்குப் போகிறது, யாருடைய ஓட்டு யாருக்கு விழுகிறது, யாருடைய பிள்ளை துருத்திக்குக் கீழே ஒளிந்துகொள்ளுகிறது என்று பாருங்கள். உண்மை அங்கே அகப்படும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.