பீங்கானும் கலாயும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைக் காணாதவர் அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் அரியர். ஆனால் அக்கோயிலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில் நின்று தரையை உற்று நோக்கியவர் எத்தனை பேர்? 1980-81 முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் சோழர் அரண்மனையின் செங்கற்சுவர்களும், கூரையோடுகளும், இரும்பு ஆணிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு சீனத்துப் பாண்டச் சில்லுகளும் கிடைத்தன. அவற்றைப் பீங்கான் என்கிறோம். பொருள் சீனத்தது; சொல்லோ பாரசீகத்தது!

இது வியப்பன்று. சீனக் கலங்கள் நம் கடலைக் கடந்து பாரசீக வளைகுடா வரை சென்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்வெண்கலங்களைக் கண்ட பஸ்ரா நகரக் குயவர்கள் மயங்கினர். அவர்களிடம் வெண்களிமண் இல்லை. மஞ்சள் நிறக் களிமண்ணே இருந்தது. ஆகவே மெருகுப் பூச்சில் வெள்ளீயத்தைக் கலந்தனர். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பூச்சு பால்போல் வெளுத்து, உள்ளிருக்கும் மண்ணை மறைத்துவிட்டது. வெண்மை கைவந்தபின் அதன்மேல் நீலத்தால் பூவும் எழுத்தும் தீட்டினர். போலி செய்யப் புகுந்தவர்கள் புதுக்கலை ஒன்றைப் படைத்துவிட்டார்கள்.

வெள்ளீயத்திற்குப் பெயர்பெற்ற துறை கலாஹ் என்று அரபு நூலோர் எழுதினர். இராசேந்திரன் 1025இல் படைசெலுத்திய கடாரமே அது என்று கருதும் அறிஞர் உளர். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்திற்குக் ‘கலாய்’ பூசுகிறோமே, அச்சொல்லையும் அத்துறையின் பெயரோடு இணைப்பர்.

மேற்கிலிருந்தும் கலங்கள் வந்தன. மன்னாரை அடுத்த மாந்தையில் நீலப்பச்சை மெருகிட்ட மேலைநாட்டுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. அந்நிறம் செம்பு தந்தது. பிற்காலத்தில், பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில், பாரசீகத்திலும் சிரியாவிலும் அதே நிறத்தில் விளக்குகளும் செய்தனர். நம் அகல் எண்ணெயைக் குடிக்கும். மெருகிட்ட விளக்கு குடிப்பதில்லை.

வயலில் சில்லொன்று கண்டால், முதலில் உடைந்த விளிம்பைப் பாருங்கள். வெண்மையும் இறுக்கமும் இருந்தால் சீனமாகலாம். மஞ்சளாய், நொய்ந்து, மேலே தடித்த நீலப்பச்சைப் பூச்சிருந்தால் வளைகுடாப் பக்கமாகலாம். பார்த்தபின் எடுத்துச் செல்லாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ சொல்லுங்கள். இடம் தெரியாத சில்லு எந்த மாளிகையில், எந்த அடுக்களையில் உடைந்தது என்று யாராலும் சொல்ல இயலாது.