தகப்பனார் பேரில் கிடக்கும் பட்டா



2020 ஏப்ரலில் ஊரடங்கு. லாரி ஓடவில்லை. வாழைத்தார் தோட்டத்திலேயே பழுத்துப் போச்சு. பறிக்கிற கூலிக்குக்கூடப் பூ விலை போகவில்லை. அப்போது பி.எம். கிசான் தவணை ரெண்டாயிரம் ரூபாயை மத்திய அரசு ஏப்ரலிலேயே பேங்குக் கணக்கில் போட்டது. புதுப் பணம் அல்ல; 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் திட்டத்தின் ஒரு தவணைதான், முந்தி வந்தது.

அதே ஆண்டில் கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் தகுதியில்லாத பலர் பெயரைத் தரகர்கள் கமிஷனுக்காகப் பதிந்துவிட்டார்கள். அரசு அந்தப் பணத்தைத் திரும்பப் பிடித்தது. ஆதாரையும் பாஸ்புக்கையும் கேட்டவர் கையிலெல்லாம் கொடுத்தால் இப்படித்தான்.

பிறகு சோதனை இறுகியது. ஆதார் சரிபார்ப்பும் நில ஆவணமும் இப்போது கட்டாயம். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தகப்பனார் காலமாகியிருப்பார், அண்ணன் தம்பி பிரித்து உழுவார்கள், பட்டா மட்டும் தகப்பனார் பேரிலேயே கிடக்கும். உங்கள் பேரில் நிலமில்லை என்றால் பணமில்லை. 1.2.2019-க்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலம் கணக்கில் வராது. ஆனால் சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் வரும். ஆகவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டோடும் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள். பாகப்பிரிவினை பேசி முடியவில்லையா? கூட்டுப்பட்டாவாகவாவது மாற்றுங்கள்.

குத்தகைக்காரருக்கு இதில் இடமில்லை. வெள்ளாமை போடுகிறவர் அவர், ரெண்டாயிரம் பட்டாக்காரருக்கு. எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. விதி அப்படி இருக்கிறது.

பட்டா மாறியதும் நகலை எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். தரகர் வேண்டாம்.