டிக்கோயா வானமும் ஒரு கெமராக்காரியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவியர் புகைப்படக் கண்காட்சியைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று சிலர் பயந்திருப்பீர்கள். அதைத் தேநீர் இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

வாசல் பக்கத்தில் மூன்றாவதாக இருக்கும் படத்தைப் பார்த்தீர்களா? லயத்தின் பீலிக்கரை, அதற்கு மேலே தேயிலை மலை, அதற்கும் மேலே வானம் நிறைய நட்சத்திரங்கள். தூரத்தில் சிவனொளிபாதமலையின் விளக்கு வரிசை ஒரு கோடாக ஏறுகிறது. எப்படி எடுத்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். கெமராவை முக்காலியில் நிறுத்தி, இருபது விநாடி திறந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் புள்ளியாக நில்லாமல் கீறலாகிவிடுமாம். அந்த இருபது விநாடிக்குள் இன்னொரு மாணவி படத்தில் விழாதபடி இடப்பக்கம் தள்ளி நின்று, டிசூ சுற்றிய டோர்ச்சை இரண்டே விநாடி அடித்திருக்கிறாள். அந்த இரண்டு விநாடி வெளிச்சத்தில்தான் பீலியின் ஈரமும் கல்லின் சொரசொரப்பும் எழும்பி வந்திருக்கின்றன. அதே டோர்ச்சைக் கெமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடித்திருந்தால் எல்லாம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரித் தட்டையாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்த வித்தையை எங்களுக்கு வைத்தியக் கல்லூரியில் வேறு காரணத்துக்காகக் கற்றுத்தந்தார்கள். இருதய நோயாளியின் கழுத்து நாளத்துடிப்பைப் பார்க்க நேராக டோர்ச் அடித்தால் ஒன்றும் புலப்படாது. பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் சிறிய நிழல் ஒன்று அசையும். அந்த நிழல்தான் நோயைச் சொல்லும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாட்டு வெளிச்சத்தை வைத்தே உலகப் புகழ் பெற்ற ஒரு பெண் இதே டிக்கோயாவில்தான் கண்ணை மூடினார். ஜூலியா மார்கரெட் கெமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவோடு தொழிலைத் தொடங்கினார். (இங்கே நாற்பதைத் தாண்டிய எல்லாரும் இந்த வயதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, திரைச்சீலைகளால் வெளிச்சத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஆட்களை நிமிடக்கணக்காக அசையாமல் இருக்கச் செய்து படமெடுத்தார். படம் மங்கல் என்று அந்தக் காலத்துப் புகைப்படச் சங்கத்தார் ஏளனம் செய்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அவருக்கு இந்தக் கலையை அறிமுகப்படுத்தியவர் ஒரு வானியலாளர், சேர் ஜோன் ஹெர்ஷல். தென் வானத்தை ஆராய ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போயிருந்த அவரை 1836இல் ஜூலியா அங்கே சந்தித்தார். படத்தை அழியாமல் நிறுத்தும் 'ஹைப்போ' என்ற சோடியம் தயோசல்பேற்றைப் புகைப்படத்துக்குத் தந்தவர் ஹெர்ஷல்தான். நான் மாணவியாக இருந்தபோதும் எக்ஸ்ரே படங்களை இருட்டறையில் அதே ஹைப்போவில்தான் முக்கினார்கள். ஜூலியா பயன்படுத்திய கொலோடியனும் எங்கள் துறைக்குச் சொந்தக்காரன்தான். காயத்தை மூடும் மருந்தாக வந்து பின்னர் கெமராவுக்குள் போனது. அவர் சயனைட்டைக் கையில் வழியவிட்டு வேலை செய்வதை அறிந்து, கவனம், கவனம் என்று ஹெர்ஷல் பதறி எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் இரண்டு தடவை எழுதியிருப்பேன்.

1867இல் அவர் ஹெர்ஷலை எடுத்த படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். தலையைக் கழுவச் சொல்லி, வெள்ளை முடியைக் கலைத்துவிட்டு, இருட்டுக்குள் உட்காரவைத்து, ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விட்டிருக்கிறார். வானத்தையே பார்த்துக் களைத்த ஒரு கிழவரின் முகம் அது.

1875இல் ஜூலியாவும் கணவர் சார்ள்ஸ் ஹே கெமரனும் இலங்கைக்கு வந்தார்கள். கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழு என்று வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்தோமே, அந்தக் கெமரன்தான். அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கப்பலில் இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டு வந்தார்களாம், உள்ளே பீங்கான் சாமான்களை அடுக்கி. பயணப்பொதிக்கு நிறை கட்டும் நம் வெளிநாட்டு அக்காமாருக்கு இந்த யோசனை பயன்படலாம்.

கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு நடந்து வந்த நம் முன்னோர்கள் அந்தத் தோட்டங்களில்தான் வேலை செய்தார்கள். களுத்துறையில் மகனின் வீட்டிலிருந்தபடி ஜூலியா வேலைக்காரரையும் தொழிலாளரையும் நிறுத்திப் படமெடுத்தார். 1877இல் அங்கே போன ஓவியர் மரியான் நோர்த் ஒரு கதை எழுதியிருக்கிறார். ஒரு மனிதரின் முதுகு அழகாக இருக்கிறதென்று, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி ஜூலியா மகனை வற்புறுத்தினாராம். சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது.

அவருடைய வாழ்நாள் படங்கள் ஆயிரத்துக்கு மேல். இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்துப் படங்களின் கீழே ஹெர்ஷல், டெனிசன், டார்வின் என்று பெயர்கள் இருக்கின்றன. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் ஒரு முதியவரும் ஒரு சிறுமியும் இருக்கிறார்கள். சிறுமிக்கு வயது 12 என்றும், தனக்கு நூறு வயது, தானே அவளுடைய அப்பா என்று முதியவர் சொல்வதாகவும் எழுதி வைத்திருக்கிறார். வயது இருக்கிறது, பெயர் இல்லை. தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்'. ஜூலியா மனசில்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை. வெளிச்சத்தை அவர் இவர்களுக்கும் கவனமாகத்தான் கொடுத்தார். பெயரைக் கேட்டு எழுத அரை நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயா கிளென்கேன் தோட்டத்தில் அவர் காலமானார். நம் வாயில் அது கிளங்கன். நம் ஆதார வைத்தியசாலைக்கும் அதே பெயர். பெரிய திறந்த யன்னலுக்கு முன் படுத்து, நட்சத்திரங்களைப் பார்த்து, அழகு என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு உயிர்விட்டார் என்பது குடும்பத்துக் கதை. பேத்தி முறையான எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப் அதைப் பதிவு செய்திருக்கிறார். இருவருடைய கல்லறைகளும் நோர்வூட் தாண்டி, பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் இருக்கின்றன.

ஜனவரி மாத முன்னிரவில் நம் தலைக்கு மேலே இருப்பது வேடன் விண்மீன் கூட்டம். நம் அம்மாமார் கும்பிடும் திருவாதிரையும் அதில்தான் இருக்கிறது. அந்த யன்னல் வானத்தை ஜூலியாவால் படமாக்கியிருக்க முடியாது. அவருடைய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். மங்கலான வான்பொருளுக்கு அது போதாது. உலர்ந்த தகடு பரவலாகி, 1880 செப்டெம்பர் 30இல் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் அதே வேடனின் வாளிலுள்ள நெபுலாவை 51 நிமிடம் திறந்துவைத்துப் படமெடுத்தார். ஜூலியா இறந்து இருபது மாதம்தான். இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அதைப் போனில் எடுக்கிறாள்.

சரி, கண்காட்சியின் மறுபக்கச் சுவருக்குப் போவோம். அங்கே நம் பாடசாலையின் பழைய குழுப்படங்கள். ஆசிரியைகளின் பெயர்கள் கீழே அச்சாகியிருக்கின்றன. மாணவியர் பெயர்களை மூத்த அக்காமார் அடையாளம் காட்டிவிட்டார்கள். பல படங்களில் ஓரத்தில், தூணோடு தூணாக, ஒரு அம்மா நிற்கிறார். மணி அடித்தவர், விடுதியில் சமைத்தவர், மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டியவர். அவர்களுக்குக் கீழே 'ஆயா' என்றுதான் இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை.

என் அம்மாயிக்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. குடியுரிமைக் கடதாசிக்காக ஹட்டன் ஸ்டூடியோவில், முகத்துக்கு நேராக பிளாஷ் அடித்து எடுத்தது. 1948இல் பறித்ததை, 1964 ஒப்பந்தத்தில் பங்கு போட்டதை, 2003இல் சட்டம் வந்து முடிக்கும் வரை, நம் கிழவிகளுக்குப் படம் என்றால் அலுவலகத்துக்குக் கொடுக்கும் தாள்தான். ஆனாலும் அதன் பின்புறத்தில் எழுதுநர் ஒருவர் அவருடைய பெயரை, தகப்பன் பெயரை, தோட்டத்தை, டிவிஷனை எழுதியிருக்கிறார். ஜூலியாவின் படத்தில் இல்லாதது அதில் இருக்கிறது.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். மறுபக்கச் சுவரில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வெற்றுத்தாள் ஒட்டியிருக்கிறோம், பென்சில் கட்டியிருக்கிறோம். ஓரத்தில் நிற்பவரைத் தெரிந்தால் எழுதுங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் எந்தத் தோட்டம், யாருடைய அம்மா என்றாவது எழுதுங்கள். தூரத்திலிருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் வீட்டிலுள்ள பாடசாலைப் படங்களைச் சங்கத்துக்கு அனுப்பலாம். மூலப்படம் வேண்டாம், தபாலில் தொலைந்துவிடும். பகலில் யன்னலோரம் வைத்து, பிளாஷை நிறுத்திவிட்டு, போனில் எடுங்கள். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று.

இன்றிரவு வானம் திறந்திருந்தால் ஏழரைக்கு விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் முக்காலி வைப்பார்கள். சுவெட்டர் கொண்டு வாருங்கள். அட்டைக்கு உப்பு நான் கொண்டு வருகிறேன்.