மடிக்கணினியும் அதன் உத்தரவாதச் சீட்டும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மடிக்கணினி வாங்குவது பற்றிப் பேசவேண்டும் என உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். நான் கணினி வல்லுநன் அல்லன். விலையுயர்ந்த கணினி ஒன்றை வாங்கி, அதைப் பயன்படுத்தி, இடையில் அதன் பொருட்டு அலைந்து திரிந்தவன். எனக்குள்ள தகுதி அவ்வளவே. ஆயினும் இங்குள்ள பலர் வீட்டில் பிள்ளைகள் ஐந்தாம் படிவமும் ஆறாம் படிவமும் முடித்துப் பல்கலைக்கழகம் செல்லக் காத்திருக்கின்றனர் என்று கேள்விப்பட்டேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபொழுது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துப் பாடம் படித்த வீடுகளை நான் அறிவேன். அந்நிலை இனியும் வேண்டாம் என்று நீங்கள் கருதுவது நியாயமே. ஆகவே என் அனுபவத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் நாற்பது ஆண்டுக் காலம் பால்மரம் வெட்டியவர். நான் பிறந்தது லயத்து வீட்டில். இப்போது கிள்ளானில் குடியிருக்கிறேன். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இளைய மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில், ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 6,200 வெள்ளி எடுத்துக்கொண்டு கணினி வாங்கப் புறப்பட்டேன். கிள்ளான் நிலையத்தில் மின் இரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் காலைப் பசியாறினோம். பின்னர் புக்கிட் பிந்தாங்கில் 1999 முதல் இயங்கிவரும் லோ யாட் பிளாசாவுக்குச் சென்றோம். மாடி மாடியாகக் கணினிக் கடைகள்! அங்குப் பார்த்தோம், விலை கேட்டோம், தலை சுற்றிற்று. இறுதியில் நகரின் வேறொரு பகுதியிலிருந்த கடையில் வாங்கினோம். அக்கடையின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

அந்த 6,200 வெள்ளி எத்தகைய தொகை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டால், மூன்றரை மாதச் சம்பளத்திற்கும் மேல். பாதி விலையிலும் கணினிகள் இருந்தன. அப்படியிருக்க, உயர்ந்ததையே வாங்கினாயே என்று என் துணைவியார் கேட்டார், இன்றும் கேட்கிறார்.

முதலில் அதன் நிறைகளைக் கூறுகிறேன். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்ற நிறுவனம், கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினி என்று கூறி ஒன்றை விற்றது. அதன் எடை ஏறக்குறைய 11 கிலோ. விலை 1,795 அமெரிக்க டாலர். திரையோ உள்ளங்கை அகலந்தான். தோளில் கம்பு வைத்து இரு வாளிப் பால் சுமந்த நம் முன்னோர்க்கு அது ஒரு சுமையாகத் தோன்றியிராது, மாணவர்க்கு ஆகுமா? என் மகளின் கணினி ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். புத்தகப் பையில் இருக்கிறதா இல்லையா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூடியைத் திறந்து, ஒரு குவளைத் தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் அது வேலைக்கு ஆயத்தமாகிவிடும். காலையில் மின்னேற்றினால் மாலை விரிவுரை வரை தாங்குகிறது. திரையிலுள்ள எழுத்து அச்சிட்ட எழுத்தைப் போலத் தெளிவாக இருப்பதால், அறுபது கடந்த என் கண்களுக்கும் நோவில்லை. விசைகள் மெத்தென்று அழுந்துகின்றன. மகள் உறங்கிய பின் நான் அதில் தமிழ் தட்டச்சு செய்கிறேன். அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்பதில்லை.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கணினியில் தமிழெழுத்து இன்று இயல்பாக வருவதற்கு நம் நாட்டவரின் உழைப்பும் ஒரு காரணமாகும். மலேசியரான முத்து நெடுமாறன் அவர்கள் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அவர் வடித்த தமிழ் எழுத்துரு ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலேயே இடம்பெற்றது. 2001ஆம் ஆண்டு உலகத் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றதும் நம் கோலாலம்பூரில்தான். ஆகவே கடைக்காரர், "தமிழுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்" என்று கூறினால் நம்பாதீர்கள். 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைமுறை, இன்று விற்கப்படும் கணினிகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

இனிக் குறைகள். இத்தகைய மெல்லிய கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னாளில் கூட்ட முடியாது. வாங்கும்போதே போதிய அளவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை, என் மகள் பார்த்தாள். அன்றியும் ஒரு சிறு பகுதி பழுதானால் பலகை முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். செருகுவாய்களும் இரண்டோ மூன்றோதான். பழைய அச்சுப்பொறியை இணைக்கத் தனிக்கருவி வாங்க நேர்ந்தது.

மின்கலத்தைப் பற்றியும் நீங்கள் அறிய வேண்டும். அதைப் பால்மரத்துப் பட்டையோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையில் ஒரு சிறு அளவு குறைகிறது அல்லவா? அவ்வாறே ஒவ்வொரு மின்னேற்றத்திற்கும் மின்கலத்தின் ஆற்றலில் சிறிது தேய்கிறது. சில நூறு முறை ஏற்றி இறக்கிய பின், புதிதில் தாங்கிய நேரம் தாங்காது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படுவது போல, அடிக்கடி முற்றிலும் வற்றவிடுவதும், வெப்பத்தில் வைப்பதும் அதற்குக் கேடு. ஆனால் மரத்திற்குப் பட்டை மீண்டும் வளரும், மின்கலத்திற்கு வளராது. பல கணினிகளில் நூற்றுக்கு எண்பது அளவோடு மின்னேற்றத்தை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. வீட்டிலேயே செருகி வைத்துப் பயன்படுத்துவோர் அதை அமைத்துக்கொள்வது நலம்.

இப்போது என் அலைச்சலுக்கு வருகிறேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்துப் பெட்டியைக் கையில் வாங்கும் நேரத்தில் விற்பனையாளர், "ஐயா, கம்பெனி உத்தரவாதம் ஓராண்டுதான். இன்னும் 590 வெள்ளி கட்டினால் மேலும் ஈராண்டுக்குக் கவலையில்லை. எது பழுதானாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். "எது பழுதானாலும்" என்ற சொல் என் காதில் தேனாக விழுந்தது. மகளின் படிப்பு மூன்றாண்டு, உத்தரவாதமும் மூன்றாண்டு. பொருத்தம் என்று எண்ணிக் கட்டினேன். ஓர் அட்டை கொடுத்தார். பின்புறம் பொடி எழுத்தில் ஆங்கிலம். முப்பது ஆண்டு மாணவர்களுக்கு "படித்துப் பார்த்துக் கையொப்பமிடு" என்று சொல்லிக் கொடுத்த நான், படிக்காமல் கையொப்பமிட்டேன்.

பதினான்காம் மாதம் கணினி மின்னேற மறுத்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. கடைக்குக் கொண்டுசென்றோம். பத்து நாள் கழித்து விடை வந்தது: தாய்ப்பலகை பழுது, மாற்ற 1,850 வெள்ளி, மின்னேற்றும் வாயில் சேதம் இருப்பதால் அது "பயனரின் கவனக்குறைவு", ஆகவே அட்டை செல்லாது. கீழே விழவில்லை, நீர் படவில்லை என்று மகள் அழுதாள். அவர்கள் பின்புறத்துப் பொடி எழுத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினர். அந்த மூன்று வாரமும் அவள் தோழியின் கணினியை இரவல் வாங்கி, இரவு பதினொரு மணிக்கு மேல் படித்தாள். பெற்றவனுக்கு அது எப்படியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகுதான் அட்டையை ஆய்ந்தேன். ஆய்ந்து அறிந்தது இது. நீட்டித்த உத்தரவாதம் என்று ஒரே பெயரில் வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. கணினியை உற்பத்தி செய்த நிறுவனமே நீட்டித்துத் தருவது ஒன்று. அதைக் கணினியின் வரிசை எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். கடை மூடப்பட்டாலும் அது நிற்கும். கடை தன் பெயரில் தருவது மற்றொன்று. அக்கடை உள்ளவரைதான் அதற்கு உயிர். விழுந்து உடைதல், நீர் கொட்டுதல் ஆகியவற்றுக்கான விபத்துப் பாதுகாப்பு முற்றிலும் வேறானது. தனியாகப் பணம் கட்டாவிட்டால் மற்ற இரண்டிலும் அது பெரும்பாலும் அடங்காது. மின்கலத்தைப் பல உத்தரவாதங்கள் ஓராண்டோடு கைவிட்டுவிடும். என்னிடம் இருந்ததோ கடை தந்த அட்டை.

நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் நமக்கு ஓர் உத்தரவாதம் அளித்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். நீடித்து உழைப்பதும் அத்தரத்தில் அடங்கும். பொருளின் தன்மையையும் விலையையும் கருதி, நியாயமான ஒருவர் எதிர்பார்க்கும் அளவே அதற்கு அளவுகோல். ஆறாயிரம் வெள்ளிக் கணினியிடம் ஆயிரம் வெள்ளிக் கணினியைக் காட்டிலும் அதிகம் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. "விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சிட்டு அவ்வுரிமையைப் பறித்துவிட முடியாது. பொருள் தவறினால் பழுது நீக்கித் தரும்படி விற்றவரிடமே கேட்கலாம். "கம்பெனியைப் போய்ப் பார்" என்று அவர் கைகழுவுவதற்கில்லை. ஆனால் நாமே கெடுத்த பொருளுக்கு இது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். விடையில்லை. பின்னர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குச் சென்றேன். மலாயில் "திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா" என்பர். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. போராங் 1 என்ற பாரத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினேன். அவ்வளவே செலவு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அங்கு இடமில்லை. இரு தரத்தாரும் தாமே பேச வேண்டும். ஆகவே பணம் படைத்தவர் பெரிய வழக்கறிஞரோடு வந்து நம்மை மிரட்ட இயலாது. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையே கோரலாம் என்றிருந்த வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 50,000 வெள்ளியாக உயர்ந்தது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் செல்ல வேண்டும். மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருந்தால் பாரம் நிரப்புவது கடினமன்று.

விசாரணை நாளன்று நான் கொண்டுசென்றவை ரசீது, அட்டை, பழுது அறிக்கை, என் கடிதத்தின் நகல். இதில் ரசீதுதான் என்னைக் கைவிடப் பார்த்தது. இக்காலத்து வழவழப்புத் தாள் ரசீதுகள் ஓராண்டில் வெளிறிவிடுகின்றன. என் ரசீதில் தேதி மட்டுமே மங்கலாக எஞ்சியிருந்தது. நல்ல வேளையாக, வாங்கிய அன்றே மகள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். வாயில் சேதம் எப்போது, யாரால் நேர்ந்தது என்பதற்குக் கடைக்காரரிடம் சான்று ஏதுமில்லை. தீர்ப்பாயத்தார் முதலில் இணக்கமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள இடமளித்தனர். பேசினோம். பலகையைக் கட்டணமின்றி மாற்றித் தர அவர் ஒப்புக்கொண்டார். கோபமாக வந்தவர் போகும்போது கைகுலுக்கினார். கணினி இன்றும் ஓடுகிறது. என் மகள் அத்தேர்வில் எழுதிய ஒரு தாளில் மட்டும் மதிப்பெண் குறைந்தது. அதை எந்தத் தீர்ப்பாயமும் மீட்டுத் தராது.

அப்படியானால் நீட்டித்த உத்தரவாதம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பீர்கள். ஈராயிரம் வெள்ளிக்கு உட்பட்ட கணினிக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். அப்பணத்தைத் தேசியச் சேமிப்பு வங்கியில் போட்டு வையுங்கள், பழுது வந்தால் எடுக்கலாம். பலகை முழுவதையும் மாற்ற வேண்டிவரும் உயர்விலைக் கணினிக்கு, உற்பத்தி நிறுவனமே தருவதாயின், வாங்கலாம். கடை தரும் அட்டைக்கு நான் இனி ஒரு காசும் கொடுக்க மாட்டேன். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். நிறுவன உத்தரவாதத்தைப் பெரும்பாலும் வாங்கிய பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

தோட்டத்து வீடுகளுக்கு இன்னும் இரண்டொரு சொல். இடியும் மின்னலும் நம் வட்டாரத்தில் மிகுதி. மழை இருட்டும்போதே செருகியைப் பிடுங்கிவிடுங்கள். மின்னல் தாக்கிய கணினியைச் சாதாரண உத்தரவாதம் ஏற்பது அரிது. எறும்பு அதன் கதகதப்பை நாடி உள்ளே குடியேறும். அருகில் வைத்துப் பலகாரம் உண்ணக் கூடாது. மெத்தையின் மேல் வைத்து இயக்கினால் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும்.

என் கையில் நேரம் முடிந்துவிட்டது. உங்களில் சிலர் வீட்டிலிருந்து உத்தரவாத அட்டைகளைக் கொண்டு வந்திருப்பதாகத் தலைவர் கூறினார். அந்த மேசையருகே அமர்கிறேன். ஒவ்வொன்றாகப் படித்துப் பொருள் சொல்கிறேன். நாளை விடியலில் மரம் வெட்டச் செல்ல வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.