அப்பா போன்ல திறக்காத ஆப்

இன்னைக்கு எபிசோடுல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முன்னாடி வேலை பார்த்த இடத்துல, ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை மொபைல் பிரவுசர்லயே பார்க்கிற மாதிரி ஒரு வெப் ஆப் பண்ணோம். என் லேப்டாப்ல சட்டுனு திறக்கும். ஒருநாள் தஞ்சாவூர்ல அப்பா தன்னோட பழைய ஆண்ட்ராய்டு போன்ல அந்த லிங்க்கைத் தொட்டார். வெறும் வெள்ளைத் திரை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பரவாயில்லப்பா, நேர்ல போய் வாங்கிக்கிறேன்"னு வெயில்ல கிளம்பிட்டார். அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தான்னு அவர்கிட்ட சொல்ல வாய் வரல.

அன்னைக்கு ராத்திரி வெப்பேக் பண்டில் அனலைசரை ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்குத் தேவை ஒரு தேதி, ஒரு டேபிள், ஒரு பட்டன். கூடவே வந்திருந்தது சார்ட் லைப்ரரி, டெக்ஸ்ட் எடிட்டர், மொமென்ட் ஜேஎஸ், அதோட எல்லா மொழி ஃபைல்களும்!

காரணம், காம்பொனென்ட்ஸ் ஃபோல்டர்ல நான் போட்ட இன்டெக்ஸ் ஃபைல். எல்லாத்தையும் ஒரே இடத்துலேர்ந்து எக்ஸ்போர்ட் பண்ற பேரல் ஃபைல். கரண்டி கேட்டா அடுப்படியையே தூக்கிட்டு வந்த கதைதான்.

ட்ரீ ஷேக்கிங் வெட்டிடாதான்னு கேட்பீங்க. ஒரு ஃபைலை எடுத்தா எதுவும் உடையாதுன்னு உறுதியா தெரிஞ்சாத்தான் பண்ட்லர் அதை வெட்டும். அந்த உறுதியை பேக்கேஜ் ஜேசன்ல 'சைட்எஃபெக்ட்ஸ்: ஃபால்ஸ்'னு நாமதான் கொடுக்கணும். ஆனா சிஎஸ்எஸ் ஃபைல்களை விதிவிலக்கா சேர்க்க மறந்தா, ஸ்டைல் காணாமப் போயிடும்.

'ஜிஸிப் பண்ணிட்டா போதாதா?' போதாது. டவுன்லோட்தான் குறையும். விரிஞ்ச பிறகு முழு ஜாவாஸ்கிரிப்டையும் போன்தான் படிச்சு, கம்பைல் பண்ணி, ஓட்டணும். அதே சைஸ் படத்தைவிட இது ரொம்ப கனமான வேலை.

அதனால மூணு மாத்தம் பண்ணோம். பேரலைத் தூக்கிட்டு, தேவையான ஃபைலை நேரடியா இம்போர்ட் பண்ணோம். மொமென்ட்டுக்குப் பதில் பிரவுசர்லயே இருக்கிற இன்ட்ல் டேட்டைம்ஃபார்மட். அது மாசப் பேரைத் தமிழ்லயே காட்டும். சார்ட்டை ரியாக்ட் லேஸிக்குள்ள வச்சோம். கிராஃப் வேணும்னு தொட்டா மட்டும் இறங்கும்.

இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். பட்டன் ஒரு ஃபோல்டர், சார்ட் ஒரு ஃபோல்டர்னு வகை பார்த்து மட்டும் அடுக்காதீங்க. எந்தத் திரைக்கு, எப்போ வேணும்னு பார்த்து அடுக்குங்க.

அப்புறம் பழைய பழக்கம் திரும்பாம இருக்க ஒரு பூட்டு. வெப்பேக்கோட பெர்ஃபார்மன்ஸ் லிமிட், டிஃபால்ட்டா 2,50,000 பைட். தாண்டினா சும்மா எச்சரிக்கும். அதை எர்ரர்னு மாத்துங்க, ப்ரொடக்‌ஷன் பில்டே நின்னுடும்.

அடுத்த தடவை அப்பா லிங்க்கைத் தொட்டார். "ம், வந்துருச்சு"ன்னார். அவ்வளவுதான்.

இன்னைக்கே வீட்டுல இருக்கிறதுலயே பழைய போனை எடுத்து, உங்க ஆப்பைத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!