வழுக்கையாற்று நீருக்குச் சாட்சி தேடுவோம்

(வழுக்கையாற்றை அண்டிய கிராம மக்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் பெருகி, தெல்லிப்பழைப் பக்கமிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறே நமக்கு வாய்த்த ஆறு. அந்நீர் வயலை நனைக்கின்றது. சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடி நீரையும் வளர்க்கின்றது. ஆகவே, ஆற்றில் எறியும் கழிவை நமது கிணற்றிலேயே எறிகின்றோம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

இந்நீரைச் சோதிக்க வேண்டுமென்று நாம் கூறும்போது, "அது ஆய்வுகூடத்தார் வேலையல்லவா?" என்று சிலர் வினவுகின்றனர். எல்லாச் சோதனைகளும் அத்தகையனவல்ல. காபனீரொட்சைட்டு என்று நமது பிள்ளைகள் படிக்கும் கரியமில வாயுவை ஆற்றங்கரையிலேயே அளந்துவிடலாம். குமிழி புகாமல் போத்தலில் நீரை நிரப்பி, பினோப்தலீன் சில துளி விடுவர். நிறம் தோன்றாவிடில் அவ்வாயு நீரில் உண்டு. பின்னர், அளவறிந்த செறிவுடைய சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்ப்பர். இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும்வரை சென்ற கரைசலின் அளவே வாயுவின் அளவைச் சொல்லிவிடும். வாயு விரைவில் வெளியேறிவிடுமாதலால் நீரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தலாகாது. ஒரு இரசாயன ஆசிரியரின் மேற்பார்வை இருந்தாற் போதும்.

இதனால் யாது பயன்? காற்றோடு மட்டுமே தொடர்புடைய நீரில் இவ்வாயு இலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். குப்பையும் சாக்கடையும் சேர்ந்து அழுகுமிடத்தில் இது பெருகும், ஒட்சிசன் அருகும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். நீரின் நோயை முன்னறிவிக்கும் சாட்சி இது.

ஆனால், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்றல் கூடாது. நீர்த்தாவரங்கள் இரவில் இவ்வாயுவை வெளிவிடுகின்றன. பகலில் வெயிலில் உட்கொள்கின்றன. ஆதலால் விடியற்காலையில் அளவு மிகும், பிற்பகலில் குறையும். மண்ணினுள்ளிருந்து ஊறிவரும் நீரிலும் இயல்பாகவே இது மிகுந்திருக்கும். அவ்வாயு கலந்த நீர் சுண்ணக்கல்லைக் கரைப்பதாலன்றோ நமது கேத்தில்களின் அடியில் வெண்சுண்ணம் படிகின்றது! ஆகவே, ஒரு நாட் கணக்கை வைத்து எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரந்தோறும் எடுத்த கணக்கே கணக்கு. கூடவே ஒட்சிசனையும் நைத்திரேற்றையும் சோதிப்பித்தல் வேண்டும்.

சட்டத்துறையிலுள்ள நாம் இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. அயலூராகிய சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2015ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் உற்பத்தி நிறுவனமொன்று பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நியாயம் அங்கே நிலைநாட்டப்பட்டது. நீதிமன்றத்தை அசைப்பது கண்ணீரன்று. கிணற்று நீரைச் சோதித்த அறிக்கைகளே. "நீர் கெட்டுவிட்டது" என்று நாம் முறையிடும்போது, "முன்னர் எப்படி இருந்தது?" என்பதே எதிர்த்தரப்பின் முதல் வினா. அதற்கு விடை சொல்ல ஏடு வேண்டும். கெட்டபின் தொடங்கும் ஏடு அவ்வினாவுக்கு விடை தராது.

எனவே, அடுத்த மாரிக்கு முன் ஊருக்கு ஒரு குறிப்பேடு திறப்போம். இடம், திகதி, நேரம், மழை, அளவு, சோதித்தவர் கையொப்பம் ஆகிய ஆறும் அதிற் பதியட்டும். ஆசிரியர் சோதிக்கட்டும், கமக்காரர் கூட நின்று கையொப்பமிடட்டும். ஒரு பிரதி பிரதேச சபைக்குச் செல்லட்டும். மறுபிரதி ஊரிலேயே இருக்கட்டும். பின்னர் அதிகாரிகளின் வாயிலில் நாம் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. ஏட்டை விரித்து வைத்து உரிமையைக் கேட்போம்.